மூத்தோர் குடியிருப்பில் 55 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் இடம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு 51. போகலாமா?

நரிமேடு டீச்சர்

வணக்கம். மதுரை நரிமேட்டில் இருந்து எழுதுகிறேன். உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு 64, கணவருக்கு 69. அவர் மில்லில் வேலை பார்த்தவர். மகன் ஹூஸ்டனில் இருக்கிறான், மகள் ஒசூரில். கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம் மூத்தோருக்கான குடியிருப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு முடிந்தபாடில்லை.

போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் நான்தான். காரணம் சொல்கிறேன். எங்கள் வீடு மாமனார் 1978-இல் கட்டியது. கூடமும் அடுப்படியும் கீழே, படுக்கையறையும் குளியலறையும் மாடியில். படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறிய என் கணவர் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு தப்பியது. இரவு பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன்தான் காரை எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் பையனுக்கும் இப்போது பெங்களூரில் வேலை. எங்கள் தெருவில் இன்று விளக்கு எரிகிற வீடுகளில் பாதி எங்கள் வயதுக்காரர்களின் வீடுகள். ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் வலு யாருக்கும் இல்லை.

இன்னொரு காரணம் அடுப்படி. கல்யாணமான நாளில் இருந்து காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறேன். பள்ளிக்கூடம் போன காலத்திலும் அப்படித்தான், காய்ச்சல் வந்த நாளிலும் அப்படித்தான். இனி யாராவது சமைத்துப் பரிமாற, நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தக் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் மதியம் உட்கார்ந்திருந்தபோது என் எதிரே ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நடுக்கம். ரசக் கிண்ணத்தைத் தூக்கினால் பாதி மேசையில் சிந்தும். பரிமாறிய பெண் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி வைத்த எவர்சில்வர் குவளையில் ரசத்தை ஊற்றி, கைப்பிடி அவர் பக்கம் வருமாறு திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனது அங்கேயே தங்கிவிட்டது.

என் கணவர் பிடிகொடுக்காமல் பேசுகிறார். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடை, திரும்பும்போது டீக்கடையில் பேப்பர், சனிக்கிழமை தல்லாகுளம் பெருமாள் கோயில். சித்திரையில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மேலூர், அலங்காநல்லூர்ச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். வாசலில் அண்டா வைத்துப் பானகமும் நீர்மோரும் கொடுப்போம். “இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பது?” என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் என் கேள்வி அவரைப் பற்றியது இல்லை, என் நாத்தனாரைப் பற்றியது. கணவரின் ஒரே தங்கை. 51 வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போன காலத்தில் என் பிள்ளைகள் இருவரையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியைகள் பலர் அவளிடம்தான் அளவு கொடுக்கிறார்கள். குடியிருப்பு அலுவலகத்தில் கேட்டேன். குடியிருப்பவர் ஒவ்வொருவருக்கும் 55 நிரம்பியிருக்க வேண்டுமாம். அவள் விருந்தாளியாக வரலாம், சேர்ந்தாற்போல் பதினைந்து நாளுக்கு மேல் தங்கக் கூடாதாம். “நீங்கள் இரண்டு பேரும் போங்கள் மதினி, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறாள். அவள் அப்படிச் சொல்வதால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

செலவுக் கணக்கு இது. இரண்டு அறை வீடு 58 லட்சம். இந்த வீட்டை விற்றால் அதற்கு மேலேயே வரும். மாதம் பராமரிப்பும் இருவர் சாப்பாடும் சேர்த்து 36,000 ரூபாய். என் ஓய்வூதியத்தில் கட்டிவிடலாம். கணவருக்கு மில் ஓய்வூதியம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர்களும் விவரம் தெரிந்தவர்களும் மனதில் பட்டதை எழுதுங்கள். வயது விதியைத் தளர்த்தி யாருக்காவது இடம் கொடுத்திருக்கிறார்களா?

எஸ்.எஸ். காலனி வாசி

டீச்சரம்மா, உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். எனக்கு 73. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் மேற்கத்திய கழிப்பறையும் கட்டுவதற்கு ஆகும் பணம், நீங்கள் சொல்லும் 58 லட்சத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. மாடியைத் தனி வாசலோடு பிரித்து, குழந்தை குட்டி உள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் நல்ல மனிதர்களாகப் பார்த்து வையுங்கள். இரவில் குரல் கொடுத்தால் இறங்கி வர ஆள் இருக்கும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டிக்குத் தானியங்கி சுவிட்ச் போட்டுவிட்டால் யாரும் மொட்டைமாடிக்கு ஏற வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக்கும் மதுரையில் குறைவில்லை. கண்ணுக்கு அரவிந்த் 1976-இல் இருந்து இங்கேயே இருக்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம். உங்கள் கணவருக்கு 70 நிரம்பியதும் ஆயுஷ்மான் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் 70 வயதானவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்று 2024 அக்டோபரில் விரிவுபடுத்தினார்கள். ஏற்கெனவே ஓய்வூதியர் காப்பீட்டில் அவர் பெயர் இருந்தால் இரண்டுக்கும் எப்படி ஒத்துவரும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழகிய மண்ணில் விழுந்தால் தூக்க நாலு பேர் வருவார்கள். இது என் எண்ணம்.

திருமங்கலத்துக்காரி

டீச்சர், நான் கோவைப் பக்கம் இப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது வேறு இடம். எனக்கு 71. இருவருமாக வந்தோம். அடுத்த ஆண்டே அவர் போய்விட்டார். ஆகையால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் எழுதுகிறேன்: இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும்போது அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இருவராக இருக்கும்வரை எந்த வீடும் சமாளிக்கக் கூடியதுதான்.

எனக்கு இந்த இடம் கைகொடுத்தது. அவர் இறந்த அன்று இரவு என் அறையில் தூங்க இரண்டு பெண்கள் தலையணையோடு வந்தார்கள். நான் கூப்பிடவே இல்லை. காரியம் முடியும்வரை என்னை ஒருவேளைகூடத் தனியாகச் சாப்பிட விடவில்லை. ஊரில் இருந்திருந்தால் சொந்தக்காரர்கள் பதினாறாம் நாளோடு கிளம்பியிருப்பார்கள். இங்கே பதினேழாம் நாளும் கதவைத் தட்டினார்கள்.

பணக் கணக்கை மட்டும் திரும்பப் போடுங்கள். சாப்பாட்டுக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்பதால் பாதியாகும். பராமரிப்புக் கட்டணம் வீட்டின் சதுர அடிக்கு என்பதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது, ஆண்டுதோறும் ஏறும். உங்கள் வீட்டில் வருமானம் முழுவதும் உங்களுடையது. நீங்கள் முந்திவிட்டால் உங்கள் கணவருக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், குடும்ப ஓய்வூதியம் அதில் 30 சதவீதம். அதாவது இப்போது வருவதில் ஐந்தில் மூன்று பங்கு. அதை வைத்து அவர் அங்கே இருக்க முடியுமா? கணக்கு டீச்சருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. நடமாட்டம் இருக்கும்வரைதான் இந்த இடங்களில் பலவும் நம்மை வைத்துக்கொள்ளும். படுத்த படுக்கையானாலோ மறதி நோய் முற்றினாலோ தனியாக ஆள் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அல்லது வேறு பராமரிப்பு இல்லம் பார்க்கச் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ராத்திரி கட்டிலருகே உட்காருவது யார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதோடு நிற்காமல், மாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்.

சாப்பாடு சைவம் மட்டும்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடு என்றால் உங்கள் கணவருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது. காரமும் நம் ஊர்க் காரம் இல்லை. பல ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடம், எல்லோருக்கும் பொதுவாகத்தான் சமைப்பார்கள்.

வயது விதியைத் தளர்த்தி எங்கள் இடத்தில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. தாயின் கட்டிலருகே இருந்து பார்த்துக்கொண்ட மகள் ஒருத்தி இருந்தாள், 48 வயது. தாய் இறந்த பிறகு அவளைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அம்மா பெயரில் இருந்த வீடு அவளுக்குத்தான் வந்தது. ஆனால் அதில் அவள் குடியிருக்க முடியாது, விற்கலாம் அல்லது வயதானவருக்கு வாடகைக்கு விடலாம். உங்கள் நாத்தனாரை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெண் முகம்தான் வருகிறது.

பத்திரம் படிப்பவன்

பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் சோழவந்தான். உங்கள் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்தியது: “மாமனார் 1978-இல் கட்டியது.”

மாமனார் உயில் எழுதாமல் காலமாகியிருந்து, மாமியாரும் இல்லை, வேறு உடன்பிறப்பும் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு உங்கள் கணவருக்கும் அவர் தங்கைக்கும் சரிபாதி. அந்த அம்மாள் கல்யாணம் செய்துகொண்டாரா இல்லையா என்பதற்கும் பங்குக்கும் சம்பந்தம் இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது. விற்ற பணத்தில் பாதி அவருடையது. அந்தப் பாதியையும் சேர்த்து அவர் குடியிருக்க முடியாத இடத்தில் போட்டால், அவருக்கு மிஞ்சுவது என்ன? “வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொல்வது எந்த வீட்டை? விற்றுவிட்டுப் போவதாகத்தானே உங்கள் கணக்கு இருக்கிறது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கைமார்கள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதை வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் அழுத்தமாக எழுதுகிறேன். அம்மா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயது விதிக்கு வருவோம். 55 என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் வீட்டுக்கு வயது வைக்கவில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் முதியோர் குடியிருப்புகளுக்கு 2019-இல் மாதிரி நெறிமுறைகள் வெளியிட்டது, அது வழிகாட்டுதல்தான். ஆக இந்த விதி ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் இருப்பதை ஒப்பந்தத்தில்தான் மாற்ற முடியும். அலுவலகத்தில் யாராவது “பார்த்துக்கொள்ளலாம் அம்மா” என்றால் அதற்கு மதிப்பில்லை. இன்னார் குடியிருக்கலாம், உரிமையாளர்கள் காலமான பிறகும் தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதித்தரச் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றால் அதுவும் ஒரு தெளிவான பதில்தான்.

உங்களுக்கு அவர்கள் கொடுப்பது கிரயப் பத்திரமா, நீண்டகாலக் குத்தகையா, வைப்புத்தொகைக்கு வாழ்நாள் தங்கும் உரிமையா என்று பாருங்கள். கிரயம் என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். கட்டி முடிக்காத திட்டம் என்றால் ரெரா எனும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டியவர் ஒருவர், சமையலும் பராமரிப்பும் நடத்துபவர் வேறொருவர் என்றால், நடத்துபவர் விலகினால் யார் பொறுப்பு என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். மாதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா தனியா என்றும் கேளுங்கள். 36,000 ரூபாயில் அது பெரிய தொகை.

பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரி தவிர்க்க, விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கலாம். வாழ்நாள் தங்கும் உரிமை மட்டும் தரும் திட்டம் ‘வீடு வாங்கியது’ ஆகுமா என்று ஆடிட்டரிடம் கேட்காமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

கடைசியாக, அங்கே போவதை முன்னிட்டு மதுரை வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் செய்யும் யோசனை இருந்தால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்துத்தான் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. கோட்டாட்சியர் முன்னால் போய் நிற்கும்போது வாய்வார்த்தை செல்லாது.

ஆனையூர்க்காரன்

என் அண்ணன் அமெரிக்காவில் அரிசோனாவில் இப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறார். அங்கே இது பழைய ஏற்பாடு. அந்த மாநிலத்தின் சன் சிட்டி 1960-இல் திறந்தது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு இல்லை என்று சொல்வது அங்கே சட்டத்துக்கு எதிரானது. முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் ஒருவராவது 55 நிரம்பியவராக இருக்க வேண்டும். கவனியுங்கள், வீட்டுக்கு ஒருவர் போதும். அண்ணி 53 வயதில் அங்கே குடியேறினார், யாரும் தடுக்கவில்லை. இதற்கு மேல் கடுமையாக அந்தந்தக் குடியிருப்பு விதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் “வீட்டுக்கு ஒருவர் 55 நிரம்பியிருந்தால் போதும்” என்ற வழி இருக்கிறது என்று பேச்சில் எடுத்துச் சொல்ல உதவும். அப்படி விதி வைத்த இடம் நம் பக்கம் இருந்தால் அதைத் தேடுங்கள் அக்கா.

நரிமேடு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் அச்செடுத்துக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்து படித்தோம். நாத்தனாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

சோழவந்தான் ஐயா சொன்னதுபோல் மாமனார் உயில் எழுதவில்லை. பாதி அவளுடையது என்று என் கணவர் வாய்விட்டுச் சொன்னார். அவள் “எனக்கு எதற்கு அண்ணா” என்றாள். “உனக்கு எதற்கு என்று நீ சொல்லக் கூடாது” என்றேன். இரண்டு பேர் பெயருக்கும் பட்டா மாற்ற மனுக் கொடுக்கப்போகிறோம். வாரிசுச் சான்றிதழை இப்போதுதான் பீரோவில் தேடி எடுத்தேன்.

குடியிருப்புக்கு ஆனையூர்த் தம்பி சொன்ன வழியையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார்கள்: ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், எழுதித்தர இயலாது. அவர்கள் நிலையும் புரிகிறது. அங்கே பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அவளுக்கு 55 ஆக இன்னும் நாலு ஆண்டு. அப்போது மூவரும் சேர்ந்து போக முடியும் என்றால் மறுபடி யோசிப்போம். அதற்குள் எனக்கோ அவருக்கோ ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் பேசினோம். திருமங்கலத்து அம்மா சொன்னபடி குடும்ப ஓய்வூதியத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36,000 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. சொந்த வீட்டில் அவரும் தங்கையும் அந்தப் பணத்தில் சிரமம் இல்லாமல் இருப்பார்கள்.

அடுப்படி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிபிகுளத்தில் இருந்து ஒரு பெண் காலை ஆறு மணிக்கு வந்து இரண்டு வேளைக்கும் சமைத்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கணவர் முகத்தைத் தூக்கினார், தூக்கட்டும்.

எஸ்.எஸ். காலனி ஐயாவுக்கு: கூடத்துக்குப் பின்னால் சாமான் போட்டிருக்கும் அறையைப் படுக்கையறையாக்கி, பக்கத்தில் கழிப்பறையோடு குளியலறை கட்டப்போகிறோம். கொத்தனார் சக்கர நாற்காலி நுழையும்படி கதவு மூன்றடிக்கு வைக்கலாம் என்கிறார். சுவரில் பிடிக்கம்பி போட ஹாலோ பிளாக் தாங்குமா, செங்கல்தான் வைக்க வேண்டுமா? தரைக்கு நனைந்தாலும் வழுக்காத ஓடு எது? மதுரையில் கட்டிப் பார்த்தவர்கள் எழுதுங்கள். தை பிறந்ததும் வேலை ஆரம்பிக்கிறோம்.